லட்டும் வண்டிச் சோறும்

(பத்தாம் ஆண்டு விழாவில் படிக்கப்பெற்ற உரை)



கிரேக்க நாட்டுப் பழங்கதைகளைச் சிறுவர்க்கெனக் கார்ட்டூன் தொடர்களாக வரைந்து தொலைக்காட்சியில் காட்டும் முயற்சி மேலை நாடுகளில் பலமுறை நடந்திருக்கிறது. 1981இல் பிரான்சும் ஜப்பானும் கூடி உருவாக்கிய ‘யுலிசிஸ் 31’ என்னும் தொடர், ஹோமரின் கதைத் தலைவனை முப்பத்தோராம் நூற்றாண்டின் விண்கலத்தில் ஏற்றி அனுப்பியது. 1998இல் கனடாவின் நெல்வானா நிறுவனம் ‘மித்திக் வாரியர்ஸ்’ என்ற தொடரில் பெர்சியஸ் முதலான வீரர்களின் கதைகளை வாரம் ஒன்றாகச் சொன்னது. ஏறத்தாழ அதே காலத்தில் டிஸ்னி நிறுவனம் தன் ‘ஹெர்குலிஸ்’ திரைப்படத்தைத் தொடராகவும் நீட்டியது.

இத்தொடர்களில் எதை வரைந்தார்கள் என்பதைவிட எதை வரையாமல் விட்டார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. ஹோமரின் காவியத்தில் யுலிசிஸின் தோழர்கள் ஒருவர் மிச்சமின்றி மாண்டுபோகின்றனர். தலைவன் தனியனாக ஊர் திரும்புகிறான். விண்கலத் தொடரிலோ தோழர்கள் சாவதில்லை. தேவர்களின் சினத்தால் உணர்விழந்து காற்றில் மிதந்தபடி கிடக்கின்றனர். கதை முடியும்போது விழித்துக் கொள்கின்றனர். சாவு உறக்கமாகிவிட்டது. ஹெர்குலிஸின் கதை இன்னும் தெளிவான சான்று. பழங்கதையில் அவன் மாற்றாள் மகன். ஹீரா என்னும் தேவமாதா அவன்மேல் கொண்ட பகையால் அவனுக்குப் பித்தேற்றுகிறாள். அந்தப் பித்தில் அவன் தன் பிள்ளைகளையே கொன்றுவிடுகிறான். அவன் செய்த பன்னிரண்டு அரும்பணிகளும் அந்தப் பழிக்குக் கழுவாய். டிஸ்னியின் கதையில் ஹீரா அவனைப் பெற்ற அன்புத் தாய். பகை இல்லை, பித்து இல்லை, கொலை இல்லை. எனவே கழுவாய்க்கும் இடமில்லை. அரக்கர்களோடு போடும் சண்டை மட்டும் எஞ்சுகிறது; எதற்காகச் சண்டை என்பது போய்விடுகிறது.

ஏதென்சு நகரத்துப் பிள்ளைகளின் கவலை பெருநகருக்கு எதற்கு என்று அவையில் எவரேனும் நினைக்கக் கூடும். அதே கத்தரி நம் வீட்டுக் கூடத்திலும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதே மறுமொழி.

2007ஆம் ஆண்டு ஏப்ரலில் சுட்டி டிவி தொடங்கப்பெற்றது. சிறுவர்க்கெனத் தமிழிலேயே ஓர் அலைவரிசை வந்ததில் மகிழ்ந்தவர் பலர். அடுத்த ஆண்டு, ஐதராபாத்தின் கிரீன் கோல்ட் நிறுவனத்திலிருந்து ராஜீவ் சிலகா உருவாக்கிய ‘சோட்டா பீம்’ போகோ அலைவரிசையில் வெளிவந்தது. தமிழ்க் குரலிலும் அது வந்து சேர்ந்தது. ‘சோட்டா’ என்ற சொல்லைக் ‘குட்டி’ என்று மாற்றக்கூட எவர்க்கும் தோன்றவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். டோலக்பூர் என்னும் கற்பனை ஊரில் வாழும் அந்தச் சிறுவனின் கதை மகாபாரதக் கதை அன்று. அப்படி அவர்கள் சொல்லிக்கொள்ளவும் இல்லை. வீமனிடமிருந்து பெயரையும் வலிமையையும் பசியையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பீம் லட்டு தின்பான்; உடனே வலிமை பெருகும்; எதிரி பறப்பான். கீரை தின்று தோள் புடைக்கும் பாப்பாய் என்ற அமெரிக்க மாலுமியின் வாய்பாடுதான் இது. கீரைக்குப் பதில் லட்டு. பிள்ளைகள் அதை விரும்புவதில் வியப்பில்லை. அந்தத் தொடரில் நட்பு உண்டு, நகை உண்டு, ஊரின்மேல் பற்றும் உண்டு. குறை சொல்வதற்காக இங்கு அது எடுக்கப்படவில்லை. வீமனின் பசி என்னும் ஒரே பொருளை இரண்டு கலைகள் எவ்வாறு கையாளுகின்றன என்று ஒப்புநோக்கவே எடுக்கப்பட்டது.

பெருநகரிலிருந்து எந்தத் திசையில் சென்றாலும், உத்திரமேரூர்ப் பக்கமாயினும் வந்தவாசிப் பக்கமாயினும், கோடையில் எங்கேனும் ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசுக்கு நெடிய மரம் நடப்படும். பதினெட்டாம் போரன்று மண்ணால் ஆன துரியோதனன் படுகளத்தில் நீட்டிக் கிடப்பான். பிறகு தீமிதி. இந்த வரிசையில் பகாசூரன் வதத்திற்கு ஓரிடம் உண்டு. சில ஊர்களில் சோறேற்றிய வண்டியோடு வீமன் வேடக்காரர் தெருத் தெருவாக வருவதும், வழியெல்லாம் அவர் தின்பதும், பிள்ளைகள் பின்னால் கூவிக்கொண்டு ஓடுவதும் வழக்கம்.

அந்த வண்டிச் சோறு யாருடைய சோறு? ஏகசக்கர நகரத்தின் புறத்தே இருக்கும் அரக்கனுக்கு ஊரார் முறை வைத்து அனுப்பும் திறை அது. சோற்றோடு எருமைகளும் போகவேண்டும். வீட்டுக்கு ஓர் ஆளும் போகவேண்டும். பாண்டவர் ஒளிந்து தங்கியிருந்த வீட்டுக்கு அன்று முறை வருகிறது. வியாச பாரதத்தில் இந்த இடம் நெஞ்சை உலுக்குவது. தந்தை ‘நானே போகிறேன்’ என்கிறான். தாய் ‘நான் போகிறேன்’ என்கிறாள். மகளும் அவ்வாறே சொல்லி அழுகிறாள். அப்போது பேச்சு இன்னும் திருந்தாத சின்னஞ்சிறு மகன் ஒரு புல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, இதனாலேயே அந்த அரக்கனைக் கொன்றுவிடுவேன் என்று மழலையில் மிழற்றுகிறான். அழுதுகொண்டிருந்தவர்கள் அந்தத் துயரத்திலும் மகிழ்ந்துபோகிறார்கள். அந்த நொடியில்தான் குந்தி உள்ளே வருகிறாள்; தன் மகனை அனுப்புவதாகச் சொல்கிறாள்.

ஆக, வீமன் வண்டியில் அமர்ந்து அரக்கனின் சோற்றை அள்ளி அள்ளித் தின்பது சிரிப்புக்குரிய காட்சிதான். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னே ஒரு வீடு அழுதுகொண்டிருக்கிறது. அவன் தின்பது ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாகப் போன சோறு. லட்டுக்கு இந்தப் பின்புலம் இல்லை. அது கடையிலிருந்து வருகிறது, வாயில் போகிறது, கை வலுக்கிறது. கத்தரி எங்கே விழுந்தது என்பது இங்கே தெரிகிறது. அரக்கனை எடுத்துவிடவில்லை, சண்டையை எடுத்துவிடவில்லை, அழுத வீட்டை எடுத்துவிட்டார்கள்.

கூத்து பிள்ளைகளிடம் எதையும் மறைப்பதில்லை. அரவான் களபலிக்குப் போவதையும், பொன்னுருவி தன் கணவன் கர்ணனின் பிறப்பைக் கேட்டு இழிவாகப் பேசுவதையும், சபையில் துகில் பற்றப்படுவதையும் ஐந்து வயதுக் குழந்தை முன்வரிசை மணலில் உட்கார்ந்து பார்க்கிறது. இதைச் சொன்னவுடன், அப்படியானால் தொலைக்காட்சிக்காரர்கள் கோழைகள், கூத்தாடிகள் வீரர்கள் என்று முடிவுகட்டிவிடுவது எளிது. அது நேர்மையாகாது. மணலில் இருக்கும் குழந்தைக்கு அம்மாவின் மடி இருக்கிறது. பயம் வந்தால் சேலைத் தலைப்புக்குள் முகம் புதைக்கலாம். தூக்கம் வந்தால் தூங்கலாம். முக்கியமான இடத்தில் மத்தளமும் முகவீணையும் எழுப்பிவிடும். துயரம் அளவு கடக்கும்போது கட்டியக்காரன் குறுக்கே வந்து ஊர்ப் பேச்சில் ஒரு கிண்டல் சொல்வான். வேடத்துக்குள் இருப்பவர் பக்கத்து ஊர்க்காரர் என்பதும் குழந்தைக்குத் தெரியும். விடிந்தால் டீக்கடையில் அரிதாரம் கலைந்த முகத்தோடு துச்சாதனனையே பார்த்துவிடலாம். தொலைக்காட்சியின் முன் பெரும்பாலும் பிள்ளை தனியாக இருக்கிறது. மடி இல்லாத இடத்தில் அச்சத்தைக் குறைத்தது ஒருவகையில் பொறுப்புணர்ச்சியும்கூட. ஆயினும் மடிக்குப் பதில் என்ன வைப்பது என்று யோசித்திருக்கலாம். கட்டியக்காரனைப் போல ஒருவனைத் திரையிலும் படைக்க முடியாதா? அந்தக் கேள்வி ஓவியர்களை மட்டும் சார்ந்ததன்று. அது எழுதுகிறவர்களைச் சார்ந்தது.

இங்கே கார்ட்டூன் படம் செய்யப்படும் முறையைச் சற்று விளக்குதல் தகும். திரைப்படம் ஒரு நொடிக்கு 24 சட்டங்களாக ஓடுவது. கையால் வரையும் கார்ட்டூனில் பெரும்பாலும் ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தி, நொடிக்குப் பன்னிரண்டு ஓவியங்கள் வரைவார்கள். அமெரிக்க மரபில் இந்த ஓவியங்களுக்கு முன்பே குரல் பதிவாகிவிடுகிறது. நடிகர் வசனத்தைப் பேசி முடித்தபின், எந்தச் சட்டத்தில் எந்த எழுத்து ஒலிக்கிறது என்று கணக்கெடுத்து அதற்கேற்ப வாயையும் உடலையும் வரைகிறார்கள். ஜப்பானியர் பலகாலும் படத்தை முதலில் வரைந்து குரலைப் பின்னர்ச் சேர்ப்பதும் உண்டு. ஆனால் சொல் முந்திப் பிறந்த படத்தில் பேச்சின் ஏற்ற இறக்கம் பாத்திரத்தின் தோளிலும் நடையிலும் தெரியும். கூத்தில் விருத்தம் முடிந்து தாளம் எடுக்கும்போதுதான் கால் எழும்புகிறது. அந்த முறையோடு இது நெருங்கிய உறவுடையது.

டப்பிங்கில் எல்லாம் தலைகீழ். வாய் முன்பே வரையப்பட்டுவிட்டது. அதற்குள் தமிழை ஊற்ற வேண்டும். உதடு மூடும் இடத்தில் ப, ம போன்ற எழுத்து வந்தால் நல்லது. ஆங்கிலப் பாத்திரம் வினையை வாக்கியத்தின் நடுவிலேயே சொல்லிக் கையை ஓங்கிவிடும். தமிழிலோ வினை கடைசியில் நிற்கும். கை ஓங்கும்போது வினை வரவில்லையென்றால் காட்சி பொருந்தாது. எனவே வாக்கியத்தை உடைத்து, முறுக்கி, தமிழர் எவரும் பேசாத ஒரு தமிழைச் செய்கிறார்கள். அந்த எழுத்தாளர்களின் உழைப்பு இரக்கத்துக்குரியது. பிள்ளைகள் அந்தத் தமிழையே வீட்டில் பேசுகிறார்கள் என்று பெற்றோர் குறைபடுவதில் ஓரளவு உண்மை உண்டு.

அப்படியானால் தமிழ்நாட்டில் நம் கதையை நாமே வரையவில்லையா? வரைந்தோம். சென்னையின் பென்டாமீடியா கிராபிக்ஸ் நிறுவனம் பாண்டவர் கதையை 2000ஆம் ஆண்டில் முழுநீளக் கணினி அசைபடமாக உருவாக்கியது. அந்தத் துறையில் இந்தியா அப்போதுதான் அடியெடுத்து வைத்திருந்த காலம், துணிச்சலான முயற்சி. அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. எந்தப் பிரிவில் தெரியுமா? சிறந்த ஆங்கிலப் படம் என்ற பிரிவில். வில்லிபுத்தூரார் பாரதம் ஊர் ஊராகப் படிக்கப்படும் மண்ணில், வீமனும் பாஞ்சாலியும் முதலில் ஆங்கிலத்தில் பேசி, அந்த ஆங்கிலத்துக்கே வாயசைத்தார்கள். இதற்கு முன் 1992இல் யூகோ சாகோ என்னும் ஜப்பானியர், இந்தியாவின் ராம் மோகனோடும் தம் நாட்டவரான கோய்ச்சி சசாகியோடும் சேர்ந்து இராமாயணத்தை அழகுற வரைந்தார். அதன் மூலக் குரலும் ஆங்கிலமே. அப்படம் தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளுக்கு வந்தது 2025 ஜனவரியில்தான். முதலீட்டாளரின் கணக்கு புரிகிறது: உலகச் சந்தைக்கு ஆங்கிலம் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் தமிழ் எப்போதும் கடைசியில் பூசும் வண்ணமாகவே இருக்கும். கவிஞனை அழைப்பதும் அந்தக் கடைசி நாளில்தான்.

வேறு வகையான ஒரு முயற்சி இதே மாவட்டத்தில் நடந்தது. 1990இல் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் பிற கலைஞர்களோடு சேர்ந்து தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடத்தியது. பள்ளிப் பாடமும் கூத்தும் ஒருங்கே கற்ற அப்பிள்ளைகளில் பெண் குழந்தைகளும் இருந்தனர். கிரீடமும் புஜகட்டையும் கட்டி ஆடினர். பாரதத்தைப் பிள்ளைகளுக்காகச் சுருக்குவது என்ற கேள்வியே அங்கு மாறிப்போயிற்று. விருத்தத்தை மனப்பாடம் செய்து இரவு முழுதும் நின்று பாடும் பிள்ளைக்கு எதைச் சுருக்கிக் கொடுப்பது? பெரியவர்கள் எண்ணுவதைவிடக் கனமான சொற்களைப் பிள்ளைகள் தாங்குவார்கள் என்பதற்கு அந்தப் பதினெட்டு ஆண்டுகளே சான்று.

இனி இவ்வவையின் முன் வைக்கப்படும் வேண்டுகோள் சிறியது. இன்று கணினியும் கைபேசியும் வைத்துக்கொண்டு சில நிமிடக் கார்ட்டூன் செய்யும் இளைஞர்கள் சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படம் வரும், உரை வராது. வட்டத்தின் கவிஞர்கள் பகாசூரன் கதையை எடுத்துக்கொண்டு, படம் வரைவதற்கு முன்னதாகவே அதன் பேச்சையும் பாட்டையும் எழுதிக் குரலில் பதிவு செய்து அவர்கள் கையில் கொடுக்கலாம். ஆறு நிமிடம் போதும். வண்டியோட்டியைக் கட்டியக்காரனாக ஆக்கினால் அச்சத்துக்கும் சிரிப்புக்கும் இடையே ஆள் கிடைத்துவிடுவான். வீமன் விருத்தத்தில் பேசலாம். குந்திக்கு இப்பகுதித் தாய்மாரின் பேச்சு பொருந்தும். கடினமான பகுதி ஒன்றே: புல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் குழந்தை. அது பேசவேண்டியது ஒரே வரி. கேட்பவர் சிரிக்கவேண்டும்; அப்போதும் பக்கத்தில் தாயின் அழுகை நின்றிருக்கக் கூடாது. வியாசர் அதை மழலை என்று சொல்லி விட்டுவிட்டார். தமிழில் அது எந்த மழலை, உத்திரமேரூர்த் தெருவில் ஒரு மூன்று வயதுப் பிள்ளை அரக்கன் என்ற சொல்லை எப்படி உச்சரிக்கும் என்பதிலிருந்து தொடங்கலாம்.