சவுரியும் மெல்லிய கூந்தலும்



தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்து வாழும் நம்மவர் இல்லங்களில், திருமண நாளோ நடன அரங்கேற்ற நாளோ நெருங்கும்போது எழுகின்ற கவலைகளுள் ஒன்று பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. பட்டும் நகையும் முன்னரே ஆயத்தமாகிவிடும். ஆனால் தாழம்பூ வைத்துப் பின்னி, குஞ்சலம் கட்டித் தொங்கவிடுவதற்குரிய சடை அந்தப் பெண்ணுக்கு இராது. கூந்தல் எலிவால் போல மெலிந்திருக்கும். அக்குறையை நிறைவு செய்வதற்கு நம் பாட்டிமார் காலத்திலிருந்து வழங்கிவரும் துணைதான் சவுரி. அடர்ந்த கூந்தலில் சவுரி எளிதில் நிற்கும். ஆனால் அதை நாடுவோர் பெரும்பாலும் மெல்லிய கூந்தலை உடையவர்களே. அக்கூந்தலிலோ அது நழுவும், அல்லது வேரோடு முடியைப் பறிக்கும். இவ்விரண்டும் நேராமல் அதை நிறுத்தும் முறையே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு அந்த உரிமையை நேயர்கள் அளிப்பார்கள் என்று நம்புகிறேன். நாம் சவுரி என்பதைத் தெலுங்கர் சவரம் என்பர். கன்னடத்தார் சௌரி என்பர். இவை இமயமலைச் சாரலில் வாழும் சமரி என்னும் விலங்கின் பெயரோடு உறவுடையவை. அரசருக்கு வீசப்பட்ட சாமரமும், திருக்குறளின் 969ஆம் பாடலில் மானத்துக்கு உவமையாக வந்த கவரிமாவும் இச்சொல்லோடு சேர்த்து எண்ணத்தக்கவை. நான் வாழும் திருவனந்தபுரத்தில் கடைக்குச் சென்று சவுரி என்று கேட்டால் கடைக்காரர் சற்றுத் தயங்குவார். திருப்பன் என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார். முறுக்குதல், திருப்புதல் என்னும் செயலை நினைவூட்டும் அழகிய மலையாளச் சொல் அது. வடக்கே பஞ்சாபிலும் டில்லியிலும் பராந்தா என்று வழங்குவது முடியன்று. பின்னலோடு இணைத்து முடியும் வண்ண நூற்கொத்து. மெல்லிய கூந்தலுடையோர்க்கு அதுவே சில வேளைகளில் சவுரியினும் நன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

திருவிதாங்கூர்த் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வளர்த்தெடுத்த சாலைக் கடைத்தெரு இன்றும் இந்நகரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு நெருங்கிய இடம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. எல்லை மாறியதே அன்றி, தோவாளைப் பிச்சியும் மல்லிகையும் இங்கு வருவது நிற்கவில்லை. பூச்சூடும் பழக்கம் வலுவாக உள்ள இடத்தில் சடையின் தேவையும் வலுவாகவே இருக்கும்.

சவுரிக்குரிய முடி எங்கிருந்து கிடைக்கிறது? முற்காலத்தில் நம் இல்லத்துப் பெண்மணிகள் தலை வாரும்போது உதிரும் முடியைச் சுருட்டிச் சேர்த்துவைத்து, அதைக் கொண்டே சவுரி கட்டுவித்துக்கொண்டார்கள். அது சொந்த முடி, நிறமும் பொருந்தியது. ஆனால் ஒரு குறை அதில் உண்டு. மயிரிழை ஒவ்வொன்றின் மேலும் மீன் செதில் போன்ற நுண்ணிய அடுக்குகள் உள்ளன. அவை வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். உதிர்ந்த முடியைச் சேர்க்கும்போது வேரும் நுனியும் மாறிக் கலந்துவிடுவதால் ஒன்றின் செதில் மற்றொன்றின் செதிலைப் பற்றிக்கொள்கிறது, சிக்கு விழுகிறது. திருப்பதி போன்ற திருத்தலங்களில் அடியார்கள் காணிக்கையாக அளிக்கும் முடி ஒரே திசையில் கத்தையாகக் கிடைப்பதால் அதற்கு மதிப்பு மிகுதி. அது ஏலத்தில் விற்கப்பட்டுக் கடல் கடந்தும் செல்கிறது. மணமான யூதப் பெண்களில் வைதிக நெறியினர் அணியும் பொய்முடியில் இவ்வாறு கோயிலில் இறக்கிய முடி கலந்திருப்பது தகாது என்று சமயப் பெரியோர் சிலர் கூறியதன் பேரில், 2004ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து வீதியில் அத்தகைய பொய்முடிகள் எரிக்கப்பட்டதும் உண்டு. இன்று கடையில் மலிவாகக் கிடைப்பவற்றுள் பல செயற்கை இழையால் ஆனவை. அவை இலேசானவை, ஆனால் சூடு தாங்கா. வாங்குவோர் மூன்றைப் பார்த்தல் போதும்: நிறம் தம் முடியின் நுனியோடு பொருந்துகிறதா, விரலால் மேல்நோக்கிக் கோதும்போது சிக்குகிறதா, கையில் எடுத்தால் கனக்கிறதா என்பவை அவை.

கனத்தைப் பற்றி ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்குச் சிறிது கணக்கு வேண்டும். மனிதரின் தலைமயிர் ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் முதல் 0.1 மில்லிமீட்டர் வரை இருக்கும். விட்டம் பாதியானால் குறுக்குப் பரப்பு நான்கில் ஒன்றாகிறது. இழையின் வலிமையும் ஏறக்குறைய அவ்வாறே குறைகிறது. ஆகவே மெல்லிய இழை உடையவர், பருத்த இழை உடையவருக்குப் பொருந்தும் அதே சவுரியைக் கட்டினால், ஒவ்வோர் இழையும் தன் ஆற்றலுக்கு மீறிய சுமையைத் தாங்க நேரும். இழை பருத்திருந்தும் எண்ணிக்கையில் குறைந்திருப்பது வேறு நிலை. அவருக்குச் சுமையைப் பலவிடங்களில் பகிர்ந்தளித்தல் வேண்டும். முன்னவருக்குச் சுமையையே குறைத்தல் வேண்டும்.

இனிக் கட்டும் முறை. தலை முழுகிய ஈரத்தோடு சவுரி வைத்தல் ஆகாது. ஈரமுற்ற மயிர் மிகுதியாக நீளும், எளிதில் அறும். எண்ணெய் தடவியவுடன் கட்டுவதும் நன்றன்று, முடிச்சு வழுக்கும். முதல் நாளே தலை முழுகி உலர்த்தி, கூந்தலைப் பிடரியில் சேர்த்து, உச்சியிலன்றிக் கழுத்தை ஒட்டியே கட்டுக. உடனே சவுரியை மாட்டிவிடாமல், சொந்த முடியை மட்டும் இரண்டு மூன்று புரிகள் பின்னுக. சவுரியின் தலைப்பிலுள்ள நூற்காதை அப்பின்னலின் நடுவே நுழைத்து, கருநூலால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி முடிக. தோணிக்காரர் கயிற்றைக் கம்பத்தில் சில சுற்றுச் சுற்றியபின் சிறு பிடியிலேயே தோணியை நிறுத்துவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். சுற்று மிகுந்தால் உராய்வு மிகும். இறுக்கம் மிக வேண்டியதில்லை. நழுவும் சவுரியை நிறுத்த ஒரே முடிச்சைப் பலங்கொண்டு இறுக்குவதே பலரும் செய்வது. அதனால் முடிச்சு நிற்கலாம், முடி நில்லாது.

பின்பு சவுரியின் மூன்று கால்களையும் சொந்த முடியின் மூன்று பிரிவுகளோடு ஒவ்வொன்றாக இணைத்துப் பின்னிச் செல்க. கட்டிய இடத்தின் இருபுறமும் கொண்டை ஊசிகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் செருகினால் அவை ஒன்றையொன்று தாங்கும். பூச்சரத்தைச் சவுரியின்மேல் தொங்கவிடாமல் கட்டின் மேற்புறத்தே வளைத்து வைத்தால் சுமை பரவும். நடனமாடும் சிறுமியர்க்கு ராக்கொடியும் சடைவில்லைகளும் குஞ்சலமும் சேரும்போது சுமை பன்மடங்காகிறது. சுழலும் அடவுகளில் சடை வீசி இழுக்கிறது. சடையின் கீழ்ப்பகுதியை ஒட்டியாணத்துக்குள் அடக்கிவிட்டால் வீச்சு நின்றுவிடும். ஒத்திகைக்கெல்லாம் முழுச் சடை அணிய வேண்டுவதில்லை. ஓரிரு ஒத்திகைக்கு அணிந்து பழகினால் போதும். மிக மெல்லிய கூந்தலுக்கு நூலாலான பராந்தாவே நீளம் தந்துவிடும். முடியும் நூலும் வேறென்று தோன்றுவது அங்கே குறையன்று; அதுவே அணி.

அண்மைக்காலத்தில் நகரங்களின் அழகு நிலையங்களில் வேறொரு முறை பரவியிருக்கிறது. தலையோடு ஒட்டிச் சிறு பின்னல்கள் பின்னி, அவற்றின்மேல் முடிச்சரத்தை ஊசி நூலால் தைத்துவிடுவது அது. ஆப்பிரிக்க வழியினரான பெண்கள் தம் அடர்ந்த சுருள்முடிக்கெனச் செம்மைப்படுத்திய கலை இது. நம் மெல்லிய நேர்முடிக்கு அதை அப்படியே கொண்டுவருதல் பொருந்தாது. செய்துகொள்ள விரும்புவோர் சில எல்லைகளை வகுத்துக்கொள்ள வேண்டும். நெற்றியோரத்திலும் காதோரத்திலும் தைக்கவே கூடாது. அங்குள்ள மயிர் இயல்பாகவே மென்மையானது. சரங்கள் குறைவாகவும் இலேசாகவும் இருத்தல் வேண்டும். அடிப்பின்னல் மிக மெல்லியதாயின் நூல் அதை அறுக்கும். ஆகவே சற்று மிகுதியான முடியைச் சேர்த்துப் பின்னச் சொல்லுங்கள். சரத்தின் இரு முனைகளையும் மடித்துப் பலமுறை தைத்தால் அவிழ்தல் குறையும். இரவில் தலையணையில் உராயாதபடி தளர்வாகப் பின்னி, பட்டுத் துணியால் மூடி உறங்குக.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆறு வாரத்தில் தையல் தலையிலிருந்து ஒன்றரைச் சென்டிமீட்டர் விலகி ஊசலாடத் தொடங்கும். அதற்குமேல் வைத்திருத்தல் மெல்லிய முடிக்கு ஆகாது. பிரித்தெடுக்கும் நாளில் கொத்துக்கொத்தாக முடி வருவதைக் கண்டு பலர் கலங்குகிறார்கள். நாள்தோறும் 50 முதல் 100 வரை முடி உதிர்வது இயற்கை. பின்னலுக்குள் அகப்பட்டவை கீழே விழ வழியின்றித் தங்கியிருந்து அன்று ஒருசேர வருகின்றன. அஞ்ச வேண்டியது அதற்கன்று.

எதற்கு அஞ்ச வேண்டும் என்றால், இழுப்பினால் உண்டாகும் வழுக்கைக்கு. 1907ஆம் ஆண்டிலேயே, கிரீன்லாந்து நாட்டில் கூந்தலை இறுக்கி உச்சியில் முடிந்துகொண்ட பெண்களிடம் இக்குறை காணப்பட்டதாக மருத்துவ ஏட்டில் பதிவாகியுள்ளது. முதலில் கட்டிய இடத்தில் வலி. பின்பு மயிர்க்கால்களில் சிறு கொப்புளங்கள். அதன்பின் நெற்றியோரம் பின்வாங்கி, விளிம்பில் மட்டும் பூனைமயிர் போலச் சில இழைகள் எஞ்சும். தொடக்கத்திலேயே இழுப்பை நிறுத்தினால் முடி மீண்டும் வளரும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகி அழிந்துவிடும். பின்னர் எத்தைலமும் அதை மீட்காது. ‘அழகு வேண்டுமானால் வலி பொறுக்க வேண்டும்’ என்று பெண் குழந்தைகளை அடக்கும் தாய்மார்களுக்கு என் வேண்டுகோள்: தலை வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் அதைப் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். சடையை அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள்.

தட்பவெப்பமும் எண்ணத்தக்கது. திருவனந்தபுரத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஈரக்காற்றில் தைத்த முடியின் அடிப்புறம் உலர்வது அரிது. உலராவிடில் நாற்றமும் அரிப்பும் தோன்றும். இவ்வூர்ப் பெண்கள் நீராடியபின் காதோரத்து மெல்லிய இழைகளை மட்டும் பின்னால் சேர்த்து, எஞ்சிய கூந்தலை உலர விடும் குளிப்பின்னல் இதற்கேற்ற அறிவான வழக்கம். டில்லியின் குளிர்காலத்திலோ வறட்சியால் முடி முறியும்; அங்கே நுனிகளுக்குச் சிறிது எண்ணெய் தேவை. சவுரியைத் தனியே எடுத்துச் சீயக்காய் நீரில் அலசி, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, நிழலில் தொங்கவிட்டு உலர்த்துக.

சவுரி வைப்பது பொய்யன்றோ என்று கேட்போரும் உளர். பேறுகாலத்துக்குப் பின்னும், கடுங்காய்ச்சலுக்குப் பின்னும் முடி கொட்டுகிறது. 1981ஆம் ஆண்டில் இந்நகரில் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு மருத்துவத்தின் பொருட்டு வருவோருள் பலர், மருந்தின் விளைவால் முடியை முற்றிலும் இழக்கிறார்கள். அவர்கள் பொருட்டுக் கேரளத்து இளம்பெண்கள் பலர் தம் நீண்ட கூந்தலைக் கேசதானம் என்று அளிக்கின்றனர். ஒருத்தியின் கூந்தல் மற்றொருத்தியின் தலையில் இருந்து அவளைத் தலைநிமிர்ந்து நடக்கச் செய்யுமாயின் அதைப் பொய் என்று சொல்ல என் நா எழவில்லை. மறைப்பதற்கென்று சூடும்போதுதான் அச்சமும் இறுக்கமும் வருகின்றன. அணியென்று சூடினால் இலேசாகச் சூடலாம். மாலை வந்ததும் கழற்றிவைத்து, உள்ள முடியை ஓய்வெடுக்கவும் விடலாம். இரவல் முடி எத்தனை முறையும் வாங்கக் கிடைக்கும்; வேரோடு போன முடி கிடைப்பதில்லை.