அநுமன் கண்ட வீடணன்



ஒருவரைப் பற்றி ஓர் எண்ணம் கொள்ள நமக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? பல வேளைகளில் ஒரு சொல்லே போதும். சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1946ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டியது. முன்பின் அறியாத ஒருவரின் குணங்கள் என்று ஒரு பட்டியலை அவர் மாணவர்களுக்கு வாசித்தார். அறிவாளி, உழைப்பாளி, உறுதியானவர் என்று அது அமைந்திருந்தது. இரண்டு குழுவினருக்கும் பட்டியல் ஒன்றே. ஒரு சொல் மட்டுமே வேறு. ஒரு குழு 'கனிவானவர்' என்று கேட்டது. மற்றக் குழு 'ஒட்டுறவில்லாதவர்' என்று கேட்டது. முதற்குழுவில் பெரும்பாலோர் அவரைத் தாராள மனத்தினர் என்றனர். மற்றக் குழுவில் அவ்வாறு சொன்னவர் மிகச் சிலரே. ஒரு சொல், ஏனைய குணங்களின் நிறத்தையும் மாற்றிவிட்டது.

கம்பன் காவியத்தில், வீடணன் அடைக்கலப் படலத்தில், இத்தகைய ஒரு சோதனை நடைபெறுகின்றது. இராவணனின் தம்பி கடற்கரையில் வந்து நிற்கிறான். இராமன் ஒவ்வொருவரையும் கருத்துக் கேட்கிறான். சுக்கிரீவன், சாம்பவான், நீலன் ஆகியோர் ஏற்க வேண்டாம் என்கின்றனர். அவர்கள் மனத்தில் மேலோங்கி நின்றது 'அரக்கன்' என்ற ஒரு சொல்தான். தமையனைப் பகைத்து இராமனைச் சேர்ந்த சுக்கிரீவனே, தமையனைப் பிரிந்து வந்தவனை நம்ப மறுக்கிறான்! அநுமன் மட்டும் வேறுபடுகிறான். அவன் இலங்கைக்குப் போனவன். வீடணனின் மனையைக் கண்டவன். தூதனைக் கொல்வது முறையன்று என்று வீடணன் வாதாடியபோது, உயிர் பிழைத்த தூதன் அவனே. மற்றவர்கள் ஊகித்தார்கள்; அநுமன் கண்டதைச் சொன்னான்.

சில ஆண்டுகளுக்கு முன், உயர்தர வகுப்பில் இப்படலத்தை நடத்திக்கொண்டிருந்த நாட்களில்தான் நான் பிழை செய்தேன். மாணவர்களின் விண்ணப்பப் படிவங்களைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தேன். கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் மாணவன், நகரத்துக் கடையொன்றின் விலாசத்தை எழுதியிருந்தான். தோட்டத்தை மறைக்கிறான் என்று முடிவு செய்தேன். "அம்மா கொழுந்தெடுக்கும் இடத்தைச் சொல்ல வெட்கமா?" என்று வகுப்பின் முன்னே கேட்டேன். அவன் பேசவில்லை.

பாடசாலை விட்டபின் ஆசிரியர் அறைக்கு வந்தான்.

"எங்க அக்காவுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்துச்சு சேர். தோட்டத்து ஆபிசுல கெடந்து, கைக்கு வர்றப்ப தேதி முடிஞ்சிருச்சு. அதான் கடை விலாசம் போட்டேன்."

லயத்துக் காம்பராக்களுக்குத் தனித்தனி விலாசம் இல்லாததையும், கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாகச் செல்வதையும் நான் அறியாதவனல்லன். ஆனால் 'வெட்கம்' என்ற சொல்லை அவன்மேல் ஒட்டியபின், அறிந்தது நினைவுக்கு வரவில்லை. மறுநாள் வகுப்பின் முன்னேயே வருத்தம் தெரிவித்தேன். அவன் முகம் மலர்ந்தது என்று சொல்ல ஆசை. அவனோ புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் சொல் ஒரு மாணவனைச் சுட்டது. சட்டத்தில் ஏறிய சொல்லோ தலைமுறைகளைச் சுட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், மலைநாட்டைத் தோட்டமாக்கிய மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சியோரைப் பின்னர் பார்ப்போம் என்றது. பிரிக்கப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. 'இந்தியர்', 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்' என்ற சொற்களுக்குப் பின்னால் இருந்த மனிதரைப் போய்ப் பார்த்தவர் சிலரே.

நேயர்களே, ஒருவரைப் பார்த்தவுடன் எண்ணம் எழுவதைத் தடுக்க இயலாது. சுக்கிரீவனும் தீயவனல்லன், தன் தலைவனைக் காக்கவே அஞ்சினான். ஆயினும் தீர்ப்புச் சொல்வதற்கு முன், "இவர் வீட்டுக்கு நான் போயிருக்கிறேனா? இவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா?" என்று நம்மை நாமே வினவலாம். அன்று அந்த மாணவனை ஆசிரியர் அறைக்கு அழைத்து, "ஏன் தம்பி இந்த விலாசம்?" என்று நான் கேட்டிருந்தால் போதுமாயிருந்தது.