விழுங்குதலும் மின்வரைவும்



ஒரு மிடறு நீரை விழுங்குதல் சிறு செயலெனவே நமக்குத் தோன்றும். ஆயினும், அக்கணத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தசைச்சோடிகள் ஒழுங்கு பிறழாது இயங்குகின்றன. மூச்சும் நின்று வழிவிடுகின்றது. பாரிசவாதம் கண்டோர் பலரிடம் இவ்வொழுங்கு குலைகின்றது. உணவு சுவாசப்பையைச் சேர்ந்து நியூமோனியாவை உண்டாக்கி உயிரையும் கவரலாம். சிலருக்கு இருமல்தானும் வருவதில்லை. ஆதலின் அருகிலிருப்போர் அபாயத்தை அறியார்.

தசை சுருங்கும்போது நுண்ணிய மின்சாரம் எழும். மோவாயின் கீழே தோலில் மின்வாய்களை ஒட்டி அதனைக் கோடாக வரையலாம். துருக்கியின் இஸ்மீர் நகரில் எர்ற்றெக்கின் என்னும் நரம்பியல் வைத்தியரும் குழுவினரும், நீரின் அளவைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து இவ்வரைவை நோக்கி, 1996 இல் ஆய்வு வெளியிட்டனர். சுகதேகிகள் 20 மில்லிலீற்றர் நீரை ஒரே முறையில் விழுங்கினர். அவ்வளவையோ அதனிற் குறைந்ததையோ பகுத்துப் பகுத்து விழுங்குவோரிடம் கோளாறு இருக்கலாமென ஐயுற இடமுண்டு. இதில் ஊசியில்லை, கதிர்வீச்சுமில்லை.

எனினும் இது சல்லடையே, தீர்ப்பன்று. நீர் எவ்வழி சென்றதென வரைவு காட்டாது. அதற்குப் பேரியம் கலந்த உணவை எக்ஸ் கதிர்கொண்டு நோக்குதல் வேண்டும்.

கருவி எட்டாத வீட்டிலும் நமக்குக் கடமையுண்டு. வாய் கோணி, கை சோர்ந்தவரைப் படுக்கவைத்தே கஞ்சி பருக்குவோர் நம்மிடையே உளர். அன்பர்களே, அவர் வாயில் ஒரு துளியும் ஊற்றாதீர்கள். கல்லடிப் பாலத்துக்கு அப்பால் போதனா வைத்தியசாலை இருக்கின்றது. உடனே கொண்டு செல்லுங்கள். விழுங்கும் திறனைச் சோதித்த பின்னரே உணவு கொடுங்கள்.