தழும்பைப் பாருங்கள்

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரை)



அஞ்சு நிமிஷம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே ஒரே விஷயம்: குடல் அடைப்பு.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் வயிற்று வலி, வாந்தியோடு வந்தார். மசக்கை என்றார்கள். ஏழாம் மாதத்தில் மசக்கையா என்று நானும் கேட்கவில்லை. குழந்தைக்கு ஆகாது என்று எக்ஸ்-ரேயைத் தள்ளிப் போட்டோம். மூன்றாம் நாள் வயிற்றைத் திறந்தபோது குடல் கறுத்திருந்தது. தாயை மட்டுமே காப்பாற்ற முடிந்தது. பழைய அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் தழும்பு எங்கள் கண்ணெதிரேதான் இருந்தது. ஆபரேஷனுக்குப் பின் குடல் ஒட்டிக்கொள்வதுதான் சிறுகுடல் அடைப்புக்கு முதல் காரணம் என்று இங்கேதானே படித்தேன்!

பல வருஷம் கழித்து அதே மாதிரி இன்னொரு பெண். இந்தத் தடவை அன்று மாலையே எம்.ஆர்.ஐ. எடுத்தோம். அதில் எக்ஸ் கதிர் கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். ஊசி மருந்துகூட வேண்டியதில்லை; குடலில் தேங்கிய நீரே வெள்ளையாகத் தெரியும். குடல் நெளிந்தால் படம் கலங்குமே என்பீர்கள். இப்போது ஒரு படத்துக்கு ஒரு விநாடி போதும். இந்த வேகத்துக்கு 1977-ல் வழி காட்டிய நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு, 2003-ல் பால் லாட்டர்பருடன் நோபல் பரிசு பெற்றார்.

படத்தில் சிறுகுடல் 3 செ.மீ.க்கு மேல் விரிந்து, ஓரிடத்தில் சட்டென்று சுருங்கியிருந்தது. அடைப்பு அங்கேதான். இரவே ஆபரேஷன். ஒட்டை வெட்டி, வெந்நீர்த் துணி போட்டுக் காத்திருந்தோம். குடலின் நிறம் திரும்பியது. நிறைமாதத்தில் ஆண் குழந்தை.

மாணவர்களே, எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. எழுதாதீங்க. அவசரத்துக்கு சி.டி. ஸ்கேன்தான் வேகம். கர்ப்பிணிகள், குழந்தைகள், கிரோன் நோயால் அடிக்கடி படம் எடுப்பவர்கள் ஆகியோருக்குத்தான் எம்.ஆர்.ஐ. பெரிய வரம். அது இல்லாத ஊரில், தேவைப்பட்டால் கர்ப்பிணிக்கும் எக்ஸ்-ரே, சி.டி. எடுக்கத் தயங்காதீங்க, கதிரைவிடத் தாமதம்தான் ஆபத்து. வயிறு கல்லாக இறுகி, நாடி ஏறினால் எந்தப் படத்துக்கும் காத்திருக்க வேண்டாம், சர்ஜனைக் கூப்பிடுங்க.

எவ்வளவு பெரிய மெஷினானாலும் சந்தேகம் முதலில் நமக்குத்தான் வரணும். தழும்பைப் பாருங்கள். கடைசியாக எப்போது காற்று பிரிந்தது என்று கேளுங்கள். அந்த முதல் பெண்ணிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.