காப்பிக் கடை ஊழியர் விலகுவது ஏன்?

மும்பை மாட்டுங்காவின் காப்பிக் கடைகளில் ஊழியர் நிலைத்திராமைக்குக் கூலிக் குறைவே காரணம் எனக் கூறுவது வழக்கம். இது பாதி உண்மையே. கடையிலேயே உணவும் உறக்கமும் அமையும்போது வேலை நேரத்தின் வரம்பு மங்கிவிடுகிறது. குடும்பத்தை அழைத்துவரத் தாராவியில் ஓர் அறை எடுப்பதும் அவ்வூதியத்தில் கடினம்.

விலகுவோர் யாவரும் தோற்றவர் அல்லர். உடுப்பிப் பகுதியிலிருந்து வந்து பிறரது உணவு விடுதிகளில் உழைத்த ராம நாயக், 1942இல் மாட்டுங்காவில் ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கை நிறுவினார். தொழில் கற்று விலகுவது அன்று உயர்வுக்கு ஒரு படி. கடை வாடகையும் முன்பணமும் அப்படியை இன்று செங்குத்தாக்கிவிட்டன. ஆகவே பலர் ஒரு கடையிலிருந்து மற்றொரு கடைக்கே மாறுகின்றனர்.

இதில் நேரும் இழப்பு வெளியே தெரிவதில்லை. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வகுத்த நெறிப்படி, 10 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 5 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்கே ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம் உரியது. மூன்றாம் ஆண்டில் தாமே விலகுபவருக்கு ஒன்றுமில்லை. அறுவடைக்கோ திருவிழாவுக்கோ ஊர் சென்று, திரும்பியதும் வேறு கடையில் சேருபவர் ஒவ்வொரு முறையும் முதலாண்டு ஊழியரே!

விலக்கப்பட்டோர் கதை வேறு. 1957இல் காப்பி வாரியம் தன் காப்பி இல்லங்களை மூட முற்பட்டபோது, ஏ.கே. கோபாலனின் ஊக்கத்தால் ஊழியர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாமே நடத்தலாயினர். முதல் காப்பி இல்லம் 1936இல் பம்பாய் சர்ச்கேட்டில் திறக்கப்பட்டது. கூட்டுறவோ பெங்களூரிலும் தில்லியிலும் கேரளத்திலும் வேரூன்றியது.