பெயரை வெட்டுமுன் வீட்டுக்குச் செல்வோம்!

மன்னார்த் தீவில் விளையாட்டுக் கழகமொன்றின் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை



வெற்றிக் கிண்ணங்கள் அடுக்கிவைக்கப்பட்டுள்ள இம்மேடையில் ஒரு தோல்வியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அது மைதானத்தில் நேர்ந்த தோல்வியன்று; எமது கண்முன்னே நிகழ்ந்தும் நாம் காணத் தவறிய தோல்வி.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய கழகமொன்றில் ஓர் இளைஞன் இருந்தான். மாலையில் மைதானத்துக்கு முதலில் வருபவன் அவன். கோல் வலையைக் கட்டுபவனும் அவனே. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த பின் அவன் வரவு குறைந்தது. பின்னர் அடியோடு நின்றது. தொடர்ந்து பயிற்சிக்கு வராதவரின் பெயர் நீக்கப்படும் என்பது கழக விதி. செயற்குழு கூடியது, பெயர் வெட்டப்பட்டது. அத்தீர்மானத்துக்கு எமது கையும் உயர்ந்தது. ஏன் வரவில்லை என்று கேட்க எம்மில் ஒருவரேனும் அவன் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை.

இரவில் உறக்கமின்றி, பகலில் எவர் முகத்திலும் விழிக்க அஞ்சி, அவன் அறைக்குள் அடைந்து கிடந்ததைப் பல மாதங்களுக்குப் பின்னரே அறிந்தோம். "பெயரை வெட்டிய அன்றுதான் பிள்ளை முற்றாக உடைந்துபோனான்" என்றார் அவன் தாயார். வைத்தியரின் உதவியால் அவன் மீண்டான் என்பது எமக்கு ஆறுதல். அவன் மீண்டதில் எமக்கு எப்பங்கும் இல்லை என்பது எமக்குத் தலைகுனிவு.

மறுதரப்பைக் கேளாது எவரையும் தண்டிக்கலாகாது என்பது நீதியின் அடிப்படை. நீதிமன்றத்தில் கள்வனுக்காகவும் இக்கோட்பாட்டைச் சொல்லி வாதாடுகிறோம். கள்வனுக்குக் கிடைக்கும் இந்நீதி எமது பிள்ளைக்குக் கிடைக்கவில்லையே!

சட்டம் மாறியது, ஊர் மாறியதா?

தற்கொலைக்கு முயல்வது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 302ஆம் பிரிவின்கீழ் ஒரு காலத்தில் குற்றமாயிருந்தது. சாவின் வாயிலிலிருந்து மீண்டவனையும் குற்றவாளியாகக் கருதிய அப்பிரிவு 1998இல் நீக்கப்பட்டது. 1995இல் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டனர். கொடிய பூச்சிகொல்லிகள் 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்டன. பத்தாண்டுகளுள் அவ்விகிதம் பாதியாகியது. தலைவிதி என்று கைகட்டி நின்றிருந்தால் அவ்வுயிர்களைக் காத்திருக்க முடியுமா? இத்துயரைத் தடுக்க முடியும் என்பதற்கு எமது நாடே சான்று.

சட்டம் தன் தண்டனையைத் திரும்பப் பெற்றது. ஊர் தன் தண்டனையைத் திரும்பப் பெற்றதா? "விசர்" என்ற ஒரு சொல்லால் இன்றும் ஒரு பிள்ளையை ஒதுக்கிவிடுகிறோம். ஆண்பிள்ளை அழலாமோ என்று கேட்டு அவன் வாயை அடைக்கிறோம். கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்றஞ்சி மகளின் மனத்துயரை மறைக்கிறோம்.

இம்மண்ணின் பிள்ளைகள் சுமப்பது சிறிய சுமையன்று. 1990 ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் வாழ்ந்த எம் முஸ்லிம் சகோதரர்கள் விடுதலைப் புலிகளால் தீவைவிட்டே வெளியேற்றப்பட்டனர். போர்க்காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல, படகேறி இராமேசுவரத்தை அடைந்து மண்டபம் முகாமில் வாழ்ந்தன. வேறு பல மடுமாதாவின் வளவில் தஞ்சம் புகுந்தன. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம் மக்களிடையே நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வொன்று, ஐவரில் ஏறத்தாழ ஒருவர் மனச்சோர்வு போன்ற உளப்பாதிப்புக்கு ஆளாகியிருந்ததைக் காட்டியது. வெளியேற்றப்பட்டு இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் இந்நிலை!

போரின் வடு தனியொருவரோடு நிற்பதில்லை. குடும்பத்தையும் ஊரையும் பற்றும் என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். 2009க்குப் பின் பிறந்த பிள்ளை ஷெல் ஓசையைக் கேட்டதில்லை. ஆனால் தகப்பனின் மௌனத்தைக் கேட்டு வளர்ந்திருக்கிறது. 2022 மார்ச்சில், பசிக்கு அஞ்சி இக்கரையிலிருந்து மீண்டும் தனுஷ்கோடிக்குப் படகேறியவர்களையும் கண்டிருக்கிறது.

கழகத்தால் ஆவது என்ன?

உளப்பாதிப்புகளுள் பாதி 18 வயதுக்கு முன்னரே தொடங்குகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வயதுப் பிள்ளைகள்தாமே எமது மைதானங்களில் உதைபந்தும் வலைப்பந்தும் ஆடுகிறார்கள்! வைத்தியர் காணுமுன் பயிற்றுநர் அவர்களைக் காண்கிறார். ஓட்டம் தளர்ந்ததையும், சிரிப்பு மறைந்ததையும், சிறு பிழைக்குச் சீறி விழுவதையும் முதலில் அறிபவர் அவரே.

பயிற்றுநர் வைத்தியராக வேண்டியதில்லை. கால் சுளுக்கினால் முதலுதவி செய்து வைத்தியசாலைக்கு அனுப்புகிறோமல்லவா? மனத்துக்கும் அத்தகைய முதலுதவியை 2000ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் வகுத்தார்கள். அது பல நாடுகளுக்குப் பரவியது. அணுகிப் பேசு, குறை கூறாது கேள், தைரியம் சொல், தக்க வைத்தியரிடம் சேர்ப்பி. அதன் சாரம் இவ்வளவே.

தமிழில் பேசித் தமிழில் கேட்கும் உளநல வைத்தியர்களும் உளவளத்துணையாளர்களும் இம்மாவட்டத்துக்குப் போதிய அளவு வேண்டும். அதனை அரசிடம் இரந்து கேட்கோம், உரிமையோடு கேட்போம். ஆயினும், அரசு செய்யும்வரை கைகட்டியிருக்க எமக்கு உரிமையில்லை.

ஆகவே மூன்று தீர்மானங்களை இச்சபையின்முன் வைக்கிறோம்.

ஒன்று: வராதவரின் பெயரை வெட்டுமுன் கழகத்தார் இருவர் அவர் வீட்டுக்குச் செல்லவேண்டும், விளக்கம் கேட்கும் அதிகாரிகளாக அன்று, நலம் கேட்கும் உறவினராகச் செல்லவேண்டும்.

இரண்டு: பிள்ளைகள் நம்பிப் பேசக்கூடிய ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் கழகம் தெரிந்து பயிற்றுவிக்கவேண்டும். கேட்டது அவர்களோடு நிற்கவேண்டும். ஆனால் உயிருக்கு ஆபத்தெனக் கண்டால் இரகசியம் பேணுதல் பாவம். பிள்ளையைத் தனியே விடாது உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். தேசிய உளநல உதவித் தொலைபேசி 1926 என்ற இலக்கத்தைக் கழகச் சுவரில் பெரிதாக எழுதிவைக்கவேண்டும்.

மூன்று: தண்டனை உதையைத் தவறவிட்ட பிள்ளையை எல்லைக்கோட்டில் நின்று ஏசுவதைப் பெரியவர்களாகிய நாம் இன்றோடு நிறுத்தவேண்டும்.

இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. தேவாலயத்து மணியோசை கேட்டு வளர்ந்த பிள்ளையும், பள்ளிவாசல் பாங்கோசை கேட்டு வளர்ந்த பிள்ளையும், கோயில் வீதியில் வளர்ந்த பிள்ளையும் ஒரே பந்தைத் துரத்தும் இடம் மைதானம். மூன்று வீட்டாரின் துயரும் ஒருங்கே கேட்கப்படக்கூடிய இடமும் அதுவே.

நண்பர்களே! அன்று ஒரு பிள்ளையின் பெயரை வெட்ட எமது கை உயர்ந்தது. இன்று இத்தீர்மானங்களை நிறைவேற்ற அதே கையை உயர்த்துகிறோம். உங்கள் கைகளும் உயரட்டும்!