கடைக்குப் பூட்டு உண்டு, கம்ப்யூட்டருக்கு?

(மதுரை கே.கே. நகரில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இரவில் கடையைப் பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். அதே கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல் அத்தனையும் இருக்கின்றன. அதை இழுத்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

'நம்மிடம் திருட என்ன இருக்கிறது?' என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு 2022 ஜனவரி முதல் தேதியை நினைவூட்டுகிறேன். அன்றுதான் முஸ்லிம் பெண்களின் படங்களைப் போட்டு, அவர்களை 'ஏலம்' விடுவதாக 'புல்லி பாய்' என்ற பெயரில் இன்டர்நெட்டில் அறிவித்தார்கள். பத்திரிகையாளர்களும் சமூகப் பணியாளர்களும் குறிவைக்கப்பட்டார்கள். படங்கள் சமூக ஊடகப் பக்கங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆறு மாதத்துக்கு முன்பே, 2021 ஜூலையில், 'சுல்லி டீல்ஸ்' என்ற பெயரில் இதே இழிசெயல் நடந்திருந்தது. அப்போதே டெல்லி காவல்துறை வழக்குப் பதிந்தது. ஆனால் அந்த வழக்கில்கூட முதல் கைது, இரண்டாவது அசிங்கம் நடந்த பிறகு, 2022 ஜனவரியில்தான் நடந்தது!

'அப்படியானால் நம் பெண்களிடமிருந்து போனை வாங்கி வையுங்கள்' என்கிறார்கள் சிலர். இது நியாயமா? திருடன் வந்தான் என்பதற்காக வீட்டுக்காரரை வெளியே அனுப்புவோமா? அந்தச் சகோதரிகள் ஒளிந்துகொள்ளவில்லை. துணிந்து புகார் கொடுத்தார்கள். அதனால்தான் வழக்கு நகர்ந்தது. அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். உரிமை இருக்கிறது. அதைக் காக்கும் எச்சரிக்கையும் நம்மிடம் இருக்க வேண்டும்.

பூட்டுப் படத்தை நம்பாதீர்கள்

பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பத்திரமான தளம் என்று பலர் நினைக்கிறார்கள். வழியில் எவரும் படிக்க முடியாதபடி தகவல் போகிறது என்பது மட்டுமே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவன் யோக்கியனா என்பதை அது சொல்லாது. மோசடிக்காரனும் அந்தப் பூட்டை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். மக்கள் இப்படித் தவறாக நம்பியதால்தான் 2023இல் குரோம் பிரவுசர் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

எனவே முகவரியைப் படியுங்கள். வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வாட்ஸ்அப்பில் வரும் லிங்கைத் தொட்டு வங்கிக்குள் போகாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

திருட்டு மென்பொருளின் விலை

செருப்பு விடும் இடத்தில் டோக்கன் தருவார்கள். டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் செருப்பைக் கொடுத்துவிடுவார்கள். பிரவுசரில் 'குக்கீ' என்பது அப்படி ஒரு டோக்கன்தான். ஒரு முறை உள்ளே நுழைந்ததும் அந்தத் தளம் அதை நம் கம்ப்யூட்டரில் வைத்துவிடுகிறது. அதைத் திருடியவன் பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் இல்லாமலே பல கணக்குகளுக்குள் நுழைந்துவிடுவான்.

திருடன் எப்படி உள்ளே வருகிறான்? பல நேரம் நாமே அழைத்து வருகிறோம். காசு கொடுக்காமல் கிடைக்கிறதென்று இறக்கும் திருட்டு மென்பொருளுக்குள் அவன் ஒளிந்திருக்கலாம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் வாரிக்கொண்டு போய்விடுவான். கணக்கு எழுதும் கம்ப்யூட்டரில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள். அப்டேட் கேட்டால் 'பிறகு' என்று தள்ளாதீர்கள். வங்கி வேலை முடிந்ததும் 'லாக் அவுட்' செய்யுங்கள்.

வாடிக்கையாளர் விவரம் அமானிதம்

நம் விவரத்தைக் காப்பது பாதிதான். நம்மை நம்பிப் பிறர் தந்ததைக் காப்பது மீதி. உம்ரா பயணத்துக்குத் தந்த பாஸ்போர்ட் நகல், சிம் கார்டுக்குத் தந்த ஆதார் நகல், தவணைக்குப் பொருள் வாங்கிய சகோதரியின் போன் நம்பர் எல்லாமே அமானிதம். அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி பெற்றே நுழைய வேண்டும் என்று கற்பிக்கப்பட்ட நாம், அடுத்தவர் விவரத்தை ஊர் குரூப்பில் போடலாமா? வேலை முடிந்த நகலை அழித்துவிடுங்கள். கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதுமென்றால் அதையே கேளுங்கள். 2023இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகளும் வெளியாயின. தகவலைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு.

இளைஞர்களே! உங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரின் கம்ப்யூட்டர் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து இவற்றைச் சரிசெய்து கொடுங்கள். ஏமாந்தவரைக் கேலி செய்யாதீர்கள். கேலிக்குப் பயந்துதான் பலர் மறைக்கிறார்கள். பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். திருடன் பணத்தை அடுத்த கணக்குக்கு மாற்றும் முன் தடுத்தால்தான் மீட்க வழியுண்டு. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவனுக்கே லாபம்!